களையெடுக்கும் எஞ்சினைப் பருவம் முடிந்தபின் காத்து வைக்கும் முறை

நமது மாநிலத்தில் மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் குடியானவர்கள் பலர், கையால் பிடித்து நடத்தும் சிறு எஞ்சின் களைக்கருவிகளை இப்பொழுது சொந்தத்திலேயே வாங்கி வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவில் ‘பவர் வீடர்’ என்று வழங்கப்படும் இக்கருவி பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு குதிரைச் சக்தி வரையுள்ள பெட்ரோல் எஞ்சினால் ஓடுவது. சிலர் அரசாங்க மானியத்தின் உதவியாலும், சிலர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றும், சிலர் வீட்டு நகையை வைத்தும் இதை வாங்கியிருக்கிறார்கள். எந்த வழியாய் வாங்கியிருந்தாலும், வருஷத்தில் இக்கருவிக்கு வேலை உள்ள காலம் மிகவும் சொற்பம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலங்களை எடுத்துக்கொண்டால், புரட்டாசியில் விதைத்து ஐப்பசி கார்த்திகையில் களை எடுத்து முடித்தபின், மறு புரட்டாசி வரையில் கருவி மூலையில்தான் நிற்கிறது. இரண்டு மாதம் உழைத்து எட்டு ஒன்பது மாதம் சும்மா நிற்கும் பொருளை அந்தச் சும்மா நிற்கும் காலத்தில் எவ்வாறு பேணுவது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இதைச் சில்லறை விஷயம் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் ஐப்பசி மாதத்தில் நடப்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அடைமழை நான்கு நாள் விட்டிருக்கிறது. கரிசல் மண் காலில் ஒட்டாத பதத்திற்கு வந்திருக்கிறது. இந்தப் பதம் ஐந்தாறு நாளைக்கு மேல் நில்லாது. அதற்குள் மறுபடியும் மழை பிடித்துக் கொள்ளலாம். அவ்வேளையில் கருவியை வயலுக்கு உருட்டிச் சென்று கயிற்றை நாற்பது தடவை இழுத்தும் எஞ்சின் கிளம்புவதில்லை. பட்டறைக்குக் கொண்டு போனால் அங்கே முன்பே பத்துக் கருவிகள் அதே நோயோடு வரிசையில் நிற்கின்றன. ஒரு வாரம் கழித்துக் கருவி திரும்பி வரும்போது மண் மீண்டும் சேறாகிவிடும், களை முழங்கால் உயரத்திற்கு வந்துவிடும். மக்காச்சோளத்திற்கு விதைத்த முதல் ஆறு வாரங்களில் களை தின்றுவிட்ட உரமும் ஈரமும் பின்னால் எவ்வளவு பாடுபட்டாலும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆகையால் நஷ்டம் பட்டறைக் கூலியோடு நிற்பதன்று. கதிரில் போய் முடிவது.

இவ்வாறு நின்றுபோன எஞ்சின்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் தேய்மானத்தால் வந்த கோளாறு எதுவும் இராது. உழைத்ததால் கெட்டவை சில. சும்மா நின்றதால் கெட்டவையே அநேகம். குளிர்தேசத்தார் இதை நன்றாய் அறிந்தவர்கள். கனடா, ஜப்பானின் வட பகுதி முதலிய இடங்களில் வீட்டு வாசலில் குவியும் பனியை வாரி எறிவதற்கென்று ஒரு கைவண்டிப் பொறி உண்டு. பனியை வாரி எறியும் பொறியை முதன்முதல் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் கனடாவில் கியூபெக் மாகாணத்து ஆர்தர் சிகார் என்பவர், ஆண்டு 1925. இன்று அங்கே வீடுதோறும் உள்ள சிறு பனிப்பொறியில் இருப்பதும், நமது களைக்கருவியில் இருப்பதும் ஒரே ஜாதி எஞ்சின்தான். அவர்களுக்கு அது நான்கு மாதம் உழைத்து எட்டு மாதம் நிற்கும் பொருள். பனி பெய்த அன்று காலை அது கிளம்பாவிட்டால் வீட்டிலிருந்து வெளியே வர முடியாது. ஆகவே பனிக்காலம் முடிந்தவுடன் அதை முறைப்படி ஒடுக்கி வைப்பதை அவர்கள் ஒரு வீட்டுக் கடமையாகவே கொண்டிருக்கிறார்கள். அம்முறைகளில் நமக்குப் பொருந்துவனவற்றையும், நம் சீதோஷ்ணத்திற்கென்று தனியே வேண்டுவனவற்றையும் கீழே விவரிக்கிறோம்.

பெட்ரோல்.— எஞ்சின் கிளம்பாமைக்கு முதற்காரணம் தொட்டியிலும் கார்புரேட்டரிலும் விட்டுவைத்த பழைய பெட்ரோலே. பெட்ரோல் தண்ணீரைப்போல் எப்பொழுதும் ஒரே தன்மையாய் இருக்கும் பொருளன்று. அதில் இலேசாய்த் தீப்பற்றக்கூடிய பாகம் முதலில் ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சியது காற்றோடு கலந்து நாளாவட்டத்தில் பிசினாகிறது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கும் பெட்ரோல் அளவில் மிகக் குறைவாதலால் அது மிக விரைவில் வற்றி, பழைய தேன் போன்ற ஒரு படிவைக் கிண்ணத்தின் அடியில் விடுகிறது. பெட்ரோல் ஏறும் ஜெட்டு என்னும் பித்தளைத் துண்டின் துவாரமோ ஊசி நுழையும் அளவினதே. ஒரு துளிப் பிசின் அதை அடைத்துவிடப் போதும். ஒரு மாதத்திற்கு மேல் கருவிக்கு வேலை இல்லையென்று தெரிந்தால் பெட்ரோலை உள்ளே விட்டு வைக்கலாகாது.

இக்காலத்தில் இவ்விஷயம் முன்னிலும் முக்கியமாகிவிட்டது. நம் தேசத்தில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயச் சத்தைக் கலப்பது படிப்படியாக உயர்ந்து, 2022-ஆம் ஆண்டில் 10 சதவீதத்தை எட்டி, 2025-ஆம் ஆண்டில் 20 சதவீதத்திற்கு வந்துவிட்டது. இந்த எத்தனால் கரும்பின் சர்க்கரைப் பாகிலிருந்தும், மக்காச்சோளம், உடைந்த அரிசி முதலிய தானியங்களிலிருந்தும் வடிக்கப்படுவது. ஆகவே நம் வயலில் விளைந்ததே நம் எஞ்சினுக்குள் திரும்பி வருகிறதென்று சொல்லலாம். மக்காச்சோளத்திற்கு அதனால் ஒரு கிராக்கி ஏற்பட்டிருப்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கருவி வைத்திருப்பவர் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு குணம் அதற்கு உண்டு. எத்தனால் தண்ணீரை விரும்பி இழுக்கும். வெறும் பெட்ரோலில் தண்ணீர் சேராது. எத்தனால் கலந்த பெட்ரோலோ காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கொள்கிறது. தாங்கும் அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும், நீரும் எத்தனாலும் ஒன்றாய்க் கூடி, பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் போய்த் தங்குகின்றன. எஞ்சினுக்குப் போகும் குழாய் தொட்டியின் அடியிலேயே இருப்பதால், கயிற்றை இழுத்தவுடன் முதலில் உள்ளே போவது தீப்பற்றாத இந்த அடித்தண்ணீர்தான். அன்றியும் இந்தக் கலவை பித்தளை, அலுமினியம், துத்தநாகக் கலப்பு முதலிய உலோகங்களை அரிக்கவும், பழைய ரப்பர்க் குழாய்களை ஊதிப் பெருக்கச் செய்து வெடிக்கவும் வல்லது.

சிறு எஞ்சின்களில் பல, 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலுக்கே ஏற்றவை என்று அவற்றின் கையேட்டிலேயே குறித்திருக்கும். சமீபத்தில் செய்யப்பட்டவற்றில் சில 20 சதவீதத்திற்கும் பொருந்துமாறு செய்யப்பட்டவை. தம்மிடம் உள்ளது எவ்வகை என்பதைக் கருவி வாங்கினவர் கையேட்டைப் பார்த்தோ விற்பனையாளரைக் கேட்டோ தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வகையாயிருந்தாலும் பருவம் முடிந்ததும் வடித்துவிடும் விதி ஒன்றே.

வடிக்கும் முறை வருமாறு. கடைசி நாள் வேலைக்குத் தொட்டியை நிரப்பாமல், வேண்டிய அளவே கணக்காய் ஊற்றிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து கருவியைக் கழுவித் துடைத்தபின், திறந்த வெளியில் நிறுத்தி எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கவும். பின்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் திருகை மூடிவிட வேண்டும். கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானாய் நிற்கும். எஞ்சின் நன்றாய் ஆறினபிறகு தொட்டியில் மீந்ததைக் குழாய் வழியே ஒரு தகர டின்னில் இறக்கிக்கொண்டு, கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு வடிகால் போல்ட்டையும் தளர்த்தி எஞ்சிய துளிகளையும் வடித்துவிட்டுத் திரும்ப முடுக்கவேண்டும். எஞ்சின் தானாய் நின்றதே, இன்னும் என்ன இருக்கப் போகிறது என்று இந்தக் கடைசிக் காரியத்தை விட்டுவிடுவோர் அநேகர். எஞ்சின் நிற்கும்போதும் கிண்ணத்தின் அடியில் சில துளிகள் இருக்கத்தான் செய்யும், பிசினாவது அவைதாம். தொட்டி இரும்புத் தகட்டால் செய்யப்பட்டதானால், வடித்த தொட்டியில் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றிவிட்டால் உள்ளே துரு பிடிக்காது. மறு பருவத்தில் சிறிது பெட்ரோலால் அலசிவிட்டு உபயோகிக்கலாம்.

பெட்ரோலை ரப்பர்க் குழாயால் வாய்வைத்து உறிஞ்சி இறக்கும் வழக்கம் கிராமங்களில் சாதாரணமாய் இருக்கிறது. இதை அறவே விட்டொழிக்க வேண்டும். உறிஞ்சும்போது புரையேறி ஒரு மடக்கு நுரையீரலுக்குள் சென்றாலும் உயிருக்கே மோசமான நெஞ்சுச் சளிக்காய்ச்சல் உண்டாகும். விழுங்கிவிட்டவரை வாந்தியெடுக்கச் செய்வதும் அதே காரணத்தால் தவறு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வடித்த பெட்ரோலைக் குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைப்பதும் அவ்வாறே அபாயகரமானது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு நிறத்தில் வித்தியாசம் தெரியாது. வடித்தது புதிதாயும் தெளிவாயும் இருந்தால் அன்றே மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிச் செலவிட்டு விடலாம்.

எஞ்சின் ஆயில்.— பருவம் முழுவதும் ஓடின ஆயில் கறுத்திருப்பது மட்டுமல்ல. எரிந்த புகையின் அமிலமும் ஈரமும் அதில் சேர்ந்திருக்கும். அதை எட்டு மாதம் உள்ளே விட்டு வைத்தால் உள் உறுப்புகளை அது அரித்துக்கொண்டே இருக்கும். புது ஆயிலை அடுத்த வருஷம் ஓட்டும்போது மாற்றிக் கொள்ளலாமே என்று மீதம்பிடிப்பது நல்ல சிக்கனமன்று. மேலே சொன்னபடி எஞ்சின் தானாய் நின்றதும், அது சூடாய் இருக்கும்போதே அடிப் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். சூட்டில் ஆயில் இளகி, மண்டியையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும். இவ்வளவு சக்தியுள்ள எஞ்சின்களுக்குப் பிடிப்பது சுமார் 600 மில்லி லிட்டர்தான். கையேட்டில் கண்ட தரத்து ஆயிலை, அளவுக்கோலின் மேல்கோடு வரையில், கருவியைச் சமதரையில் நிறுத்திப் பார்த்து ஊற்றவேண்டும். அளவுக்கு அதிகம் ஊற்றினாலும் கெடுதியே. வருஷ முடிவில் மாற்றுவதைத் தவிர, புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரம் ஓடினபின் ஒரு தடவையும், அப்பால் 100 மணிக்கு ஒரு தடவையும் மாற்றுவது இவ்வகை எஞ்சின்களுக்குப் பொதுவான கணக்கு. வடித்த பழைய ஆயிலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. மாட்டின் புண்ணுக்குத் தடவுவதும் வேண்டாத காரியம். டின்னில் அடைத்துப் பட்டறையில் சேர்த்துவிட்டால் அவர்கள் மொத்தமாய்ப் போட்டுவிடுவார்கள்.

இனி சிலிண்டரின் உட்புறம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாய் ஒரு சிறு கரண்டி, அதாவது 5 முதல் 10 மில்லி லிட்டர் புது ஆயிலை விட்டு, ஒரு துணியால் துவாரத்தை மூடிக்கொண்டு கயிற்றை நான்கைந்து தடவை மெதுவாய் இழுத்தால் சுவர் முழுதும் ஆயில் பூசப்படும். பிளக்கைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, நுனியிலுள்ள இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லி மீட்டர் வரை இருக்கிறதா என்று பார்த்து மறுபடி முடுக்கவும். கடைசியாகக் கயிற்றை மெல்ல இழுத்து, கை கனக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஆகவே புகைப்போக்கி வழியாகவும் காற்றுவழியாகவும் ஈரம் உள்ளே புகாது. இவ்வளவு சிறிய காரியத்திற்கு ஐந்து நிமிஷம் போதும். மழைக்காலத்தில் உள்ளே துருப்பிடித்துப் பிஸ்டன் இறுகிப்போன எஞ்சினைத் திறந்து பார்த்தவர்கள் இந்த ஐந்து நிமிஷத்தை வீண் என்று சொல்லமாட்டார்கள்.

காற்று வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் புழுதியில் ஓடும் கருவிக்கு அது மூக்கு. பஞ்சு வகையானால் சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தி, சில துளி ஆயில் இட்டுப் பிழிந்து வைக்கவும். காகித வகையானால் தட்டித் தூசி போக்குவதோடு சரி, நனைக்கக்கூடாது. ஆயில் கிண்ண வகையானால் சேற்று ஆயிலைக் கொட்டிவிட்டுக் கோடு வரையில் புதிதாய் ஊற்றவும்.

கத்திகளும் கியர் பெட்டியும்.— கத்திகளைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி அப்பால் ஒதுக்கிவிடுவது கண்டிப்பான விதி. எஞ்சின் நின்றிருக்கிறதே என்று அலட்சியமாய்க் கையால் சுற்றிப் பார்க்கும்போது ஒரு வெடிப்பு நிகழ்ந்தாலும் விரல் போய்விடும்.

கருவியின் முன்பக்கத்தை உயர்த்திக் கத்தித் தண்டைப் பார்த்தால், கத்திக்கும் கியர் பெட்டிக்கும் இடையில் கோரைக்கிழங்கின் வேர், அறுகம்புல், பழைய சாக்கு நூல், சொட்டுநீர்க் குழாயின் பிளாஸ்டிக் நரம்பு இவையெல்லாம் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கிடக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இந்த முறுக்கு நாளடைவில் உள்ளே நெருக்கிச் சென்று ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடுகிறது. பின்பு கியர் பெட்டியிலுள்ள எண்ணெய் வெளியே கசிய, சேறும் நீரும் உள்ளே போகின்றன. வளையம் அற்ப விலையுள்ளது; அது போனபின் தேய்ந்துபோகும் கியர்களும் பேரிங்குகளும் அப்படியல்ல. ஆகையால் பின்னைக் கழற்றிக் கத்திகளைத் தண்டிலிருந்து உருவி, முறுக்கை அரிவாள் நுனியால் வெட்டி எடுத்து, தண்டின் ஆறுபட்டை முகங்களில் கிரீஸ் தடவி, மறுபடி கோத்து வைக்கவேண்டும். கிரீஸ் தடவாத தண்டில் கத்தி துருப்பிடித்துக் கவ்விக்கொண்டால் அடுத்த வருஷம் சம்மட்டி எடுக்க நேரிடும். தேய்ந்த கத்திகளை இப்பொழுதே எண்ணிக் குறித்துக்கொண்டு, பருவத்திற்கு முன் கடைகளில் கூட்டமில்லாத காலத்தில் வாங்கி வைப்பது உத்தமம். கோக்கும்போது இடக்கத்தியும் வலக்கத்தியும் மாறாமல், கூரான பக்கம் முன்னோக்கிச் சுழலுமாறு கோக்கவேண்டும்.

கத்தித் தண்டைக் கோக்கும் பின்னுக்குப் பதிலாகக் கைக்கு அகப்பட்ட ஆணியையோ கெட்டியான போல்ட்டையோ மாட்டுவது கூடாது. பனிப்பொறிகளில் இதற்கென்றே மெல்லிய பின் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கல்லில் மாட்டினால் பின் முறிந்து கியர் பிழைக்கும். நமது கருவிகளில் அவ்வாறு பின் அமைந்திருக்கும் இடங்களிலும் கையேட்டில் கண்ட பின்னையே போடவேண்டும்.

கியர் பெட்டி எண்ணெயின் அடிப்போல்ட்டைச் சற்றுத் தளர்த்திச் சில துளிகளை உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கவும். மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டதென்று அர்த்தம். முழுவதும் வடித்து மாற்றி, சீலையும் பார்க்கச் செய்ய வேண்டும். பெல்ட்டால் ஓடும் கருவியானால் கிளச்சுப் பிடியைத் தளரவிட்டு, பெல்ட்டு இழுப்பில் இல்லாமல் வைக்கவும். கேபிள் கம்பிகளின் உறைக்குள் இரண்டு துளி எண்ணெய் விட்டால் துருப்பிடித்து அறுவது குறையும்.

கழுவுதல்.— எஞ்சின் சூடாயிருக்கும்போது தண்ணீர் விடக்கூடாது. மோட்டார் சைக்கிள் கழுவும் கடைகளில் பீச்சும் வேகமான நீர், காற்று வடிகட்டிக்குள்ளும் மின்சாரக் கம்பிகளுக்குள்ளும் பேரிங்குகளுக்குள்ளும் புகுந்துவிடும். சேற்றை மரக்குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைப்பதே போதும். சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியப் பட்டைகளின் இடுக்கில் காய்ந்த மண்ணும் சருகும் அடைந்திருந்தால் அவற்றை அவசியம் நீக்கவேண்டும். எஞ்சினைக் குளிரச் செய்யும் காற்று அவ்வழியேதான் போகிறது. ஆயுத பூஜையன்று காலை கருவியைக் குடம் குடமாய் நீரூற்றிக் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் சந்தனம் குங்குமம் இட்டு நிறுத்துவது வழக்கமாய் இருக்கிறது. பூஜை வேண்டியதே. ஆனால் முதல்நாளே துடைத்துப் பத்து நிமிஷம் ஓட்டி உலர்த்திவிட்டு மறுநாள் மாலை சாத்தினால் கருவிக்கும் க்ஷேமம், அடுத்து வரும் களைக்கும் தயாராய் இருக்கும்.

வைக்கும் இடம்.— இதில்தான் நம் கிராமங்களில் தவறுகள் மிகுதி. வீட்டில் மிச்சமான இடம் எதுவோ அதுவே கருவிக்கு இடமாகிவிடுகிறது. பெரும்பாலும் அது உரமூட்டை அறை. யூரியா, அம்மோனியம் சல்பேட்டு, பொட்டாஷ் ஆகிய உரங்கள் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, அருகிலுள்ள இரும்பை உப்பைப்போல் அரித்துவிடும். பூச்சிமருந்துத் தெளிப்பான்களையும் அதனருகே வைக்கலாகாது. மாட்டுக்கொட்டகையும் தகாது, கோமியத்திலிருந்து எழும் அம்மோனியாவுக்குப் பித்தளை உறுப்புகளை வெடிக்கச் செய்யும் குணம் உண்டு, கார்புரேட்டரின் ஜெட்டு பித்தளையால் ஆனது. அடுப்படியோ, விளக்கேற்றும் இடமோ சற்றும் கூடாது. வடித்தபின்னும் தொட்டியில் பெட்ரோல் ஆவி இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தரையாய்ப் பரவிச் சென்று தூரத்திலுள்ள நெருப்பைப் பற்றிக்கொள்ளும். மூடின அறைக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமோ வாடையோ இல்லை. மயக்கம் வருமுன் ஆள் அறியமாட்டான்.

காற்றோட்டமுள்ள, ஒழுகாத கூரைக்குக் கீழ், மண்தரையில் நேரே படாமல் இரண்டு பலகையின்மேல் நிறுத்துவது நலம். கருவியைச் சாய்த்து வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள்ளும் காற்று வடிகட்டிக்குள்ளும் இறங்கிவிடும். ஆகையால் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்து எஞ்சின் சமமாய் இருக்கும்படி வைக்கவேண்டும். மேலே போர்த்துவது பருத்தித் துணியோ சாக்கோ ஆகலாம். கெட்டியான பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினால் மழைக்காலத்து ஈரம் உள்ளேயே வியர்த்து நின்று, போர்த்தாமல் விட்டதைக் காட்டிலும் அதிகம் துருவை உண்டாக்கும். எலியை மறக்கக்கூடாது. புகைப்போக்கிக்குள்ளும் விசிறி மூடிக்குள்ளும் பஞ்சு, வைக்கோல், நிலக்கடலைத் தோல் இவற்றைச் சேர்த்துக் குடியேறிக் கம்பிகளைக் கடித்துவிடும். புகைப்போக்கியின் வாயைத் துணி வைத்து அடைத்து, அடைத்திருப்பது நினைவிருக்கும்படி அந்தத் துணியின் நுனியைக் கைப்பிடியில் கட்டி வைக்கவேண்டும்.

டீசல் எஞ்சின் களைக்கருவி வைத்திருப்பவர்கள் பெட்ரோலுக்குச் சொன்ன விதியை அப்படியே கொள்ளக்கூடாது. டீசல் அவ்வளவு விரைவில் கெடுவதில்லை. தொட்டியைக் காலியாய் விட்டால் ஈரம் வியர்த்துத் துருவும், குழாயில் காற்றும் சேரும். ஆகவே அதை நிரப்பியே வைக்கவேண்டும். புல்வெட்டும் தோள் கருவி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவதால் தனியே ஆயில் மாற்றும் வேலை இல்லை. கலவையை வடித்து, ஓடவிட்டு நிறுத்துவது மட்டும் மேற்சொன்னபடியே.

பலருக்குப் பொதுவான கருவிகள் இன்னும் சீக்கிரம் பாழாகின்றன. கூட்டுறவுச் சங்கத்திலோ உழவர் குழுவிலோ வாடகைக்கு விடப்படும் கருவியைக் கடைசியாய்க் கொண்டுபோனவர் சேற்றோடும் பாதித் தொட்டிப் பெட்ரோலோடும் திருப்பிவிட, ஒப்புக்கொண்டவர் அப்படியே பூட்டிவிடுவது சகஜம். இதில் கிராம நிர்வாக அலுவலர்களும் சங்கக் காரியதரிசிகளும் முன்னின்று செய்யக்கூடியது ஒன்றுண்டு. கருவியோடு ஒரு சிறு நோட்டுப் புஸ்தகத்தைக் கட்டி, யார் எத்தனை மணி ஓட்டினார், எந்தத் தேதியில் ஆயில் மாற்றப்பட்டது, பருவ முடிவில் பெட்ரோல் வடிக்கப்பட்டதா என்பவற்றை எழுதி, திரும்ப வாங்குபவர் கையொப்பமிடும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும். ஒடுக்கி வைக்கும் செலவை வாடகைக் கணக்கிலேயே முன்கூட்டி ஒதுக்கிவிட்டால், மார்கழியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க நேராது.

மீண்டும் கிளப்புதல்.— விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாகவே, அதாவது ஆவணிக் கடைசியில், கருவியை வெளியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். களை முளைத்தபின் எடுப்பதில் பிரயோஜனம் குறைவு. புகைப்போக்கித் துணியை அகற்றி, ஆயில் அளவைப் பார்த்து, புதுப் பெட்ரோல் சிறிதளவே ஊற்றித் திருகைத் திறந்து ஒரு நிமிஷம் பொறுத்து, சோக்கை இழுத்துக்கொண்டு கயிற்றை இழுக்கவும். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிவதால் முதலில் வெண்நீலப் புகை வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், சில நிமிஷத்தில் நின்றுவிடும். கத்தியை இணைக்காமல் ஐந்து நிமிஷம் மெதுவாய் ஓடவிட்டு, நட்டுப் போல்ட்டுகளையெல்லாம் ஒரு சுற்று முடுக்கிப் பார்த்தபின் வயலுக்குக் கொண்டு செல்லலாம்.

கிளம்பாவிட்டால் கயிற்றை வீணே இழுத்துக் கொண்டிராமல் வரிசையாய்ச் சோதிக்க வேண்டும். முதலில் கார்புரேட்டரின் வடிகால் போல்ட்டைத் தளர்த்திப் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்கவும். வராவிட்டால் திருகிலோ வடிகட்டியிலோ அடைப்பு. வந்தால் போல்ட்டை முடுக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அது ஆயிலில் நனைந்திருந்தால் துடைத்து உலர்த்திப் போட்டாலே பல எஞ்சின்கள் கிளம்பிவிடும். தீப்பொறியே வரவில்லையென்றால் பட்டறையை நோக்கிப் போவதற்கு முன் ஆயில் அளவை மறுபடியும் பார்க்கவும். இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில், ஆயில் குறைந்தாலும் கருவி சரிவில் சாய்ந்து நின்றாலும் தீப்பொறியை நிறுத்திவிடும் ஒரு காப்பு விசை வைக்கப்பட்டிருக்கிறது. இதை அறியாமல் நல்ல எஞ்சினை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு சென்றவர்கள் உண்டு. ஆயிலும் சரி, தரையும் சமம், பெட்ரோலும் வருகிறது, தீப்பொறியும் இருக்கிறது, ஆனால் கயிறு மட்டும் கனமில்லாமல் இலகுவாய் வருகிறதென்றால், வால்வோ பிஸ்டன் வளையமோ பிடிக்கவில்லை என்று கொள்ளலாம். அது பட்டறை வேலை. இரண்டு வாரம் முன்னதாகப் பார்த்திருந்தால் அதற்கும் அவகாசம் இருக்கும்.